விழுந்தவன் பெயர் இருக்கிறது, தள்ளியவன் பெயர் இல்லை

"ஆபீஸ்லதான் ஜிரா இருக்கே, அப்புறம் எதுக்குப்பா தனியா ஒண்ணு கட்டிக்கிட்டிருக்க?" என்று கேட்காத நண்பர் இல்லை. நியாயமான கேள்விதான். வங்கிச் செயலிக்கோ கடையின் இணையதளத்துக்கோ பக் பதிந்து வைக்க ஜிரா மாதிரி மென்பொருள் உலகத்தில் குவிந்து கிடக்கிறது. தலைப்பு, விவரம், எவ்வளவு அவசரம், யார் தலையில் கட்டுவது, திறந்ததா மூடியதா என்று ஐந்தாறு கட்டங்கள் இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். லினக்ஸ் கெர்னல் வேலை மட்டும் அதற்குள் அடங்காது. அதனால்தான் கெர்னல் பக்குகளுக்கென்று தனியாக ஒரு டேட்டாபேஸ். ஏன் அடங்காது என்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தில். பம்பு அறை, மின்தூக்கி அறை, பொய்க்கூரைக்கு மேலே இருக்கும் இருட்டு மூலை, இங்கெல்லாம் மாட்டி வைக்கிற நெட்வொர்க் பெட்டிகள்தான் எங்கள் சரக்கு. உள்ளே ஆர்ம் சிப், அதன்மேல் லினக்ஸ். சிப் செய்தவர்கள் தங்கள் பேட்ச்களை ஒட்டிக் கொடுத்த கெர்னல் அது. அதற்கும் மேல் நாங்கள் ஒட்டியது கொஞ்சம். பெட்டி மாட்டும் டெக்னீஷியன்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் நடந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடுவார். பட்டால் சும்மா விடமாட்டார். "அண்ணே, அந்தப் பெட்டி திரும்பவும் ஹேங் ஆயிடுச்சுண்ணே. வாட்ஸப்ல போட்டோ போட்டேனே, பாத்தீங்களா?"

விஷயமே அந்த போட்டோவில்தான் இருக்கிறது, அல்லது இல்லை. கெர்னலுக்குள் ஏதாவது தாறுமாறாகிவிட்டால் அது 'ஊப்ஸ்' என்று ஓர் அறிக்கையைத் துப்பும். எந்த முகவரியைத் தொடப்போய் அடிபட்டது, அப்போது எந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தது, ரெஜிஸ்டர்களில் என்னென்ன இருந்தது, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது, எல்லாம் அதில் வரும். ஆனால் ஒரு ஊப்ஸோடு கதை நிற்பது அபூர்வம். முதல் அடியில் தடுமாறிய கெர்னல் அடுத்தடுத்து நாலைந்து இடத்தில் போய் இடித்துக்கொள்ளும். திரையில் தெரிவது கடைசி இடி. முதல் அடி மேலே உருண்டோடிப் போயிருக்கும். கெர்னல் இதற்கென்றே 'டெயின்ட்' என்று சில எழுத்துகளை அறிக்கையில் சேர்த்து அச்சிடுகிறது. அதில் 'டி' இருந்தால் ஏற்கெனவே ஒரு விபத்து நடந்துவிட்டது, நீங்கள் பார்ப்பது அதன் பின்விளைவு என்று அர்த்தம். போட்டோவில் 'டி' தெரிந்தால் நான் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை, வதந்தியாகத்தான்.

லாகை டிஸ்க்கில் எழுதிவிட்டுச் சாகக்கூடாதா என்று கேட்பீர்கள். டிஸ்க்கில் எழுதும் வேலையும் அதே கெர்னலுடையதுதானே? நிலைகுலைந்த நேரத்தில் அதை எழுத விட்டால் நல்ல கோப்புகளையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். அதனால் பக்கத்து வழிகள்தான் கதி. சீரியல் கேபிளைச் செருகி இன்னொரு கணினியில் பிடிக்கலாம். நெட்கன்சோல் என்ற வசதியால் நெட்வொர்க் வழியாக வெளியே தள்ளலாம். மறு துவக்கத்திலும் அழியாத ஒரு துண்டு நினைவகத்தில் பிஸ்டோர் என்ற வசதி மூலம் ஒளித்து வைக்கலாம். சீரியல் கேபிளுக்கு நான் போவது ஜாலான் புசார் பக்கத்துச் சிம் லிம் டவருக்கு. புதிதாக வந்தவர்கள் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விட்டு "அண்ணே, அங்க லேப்டாப்தான் விக்கிறாங்க" என்பார்கள். உதிரிபாகம் என்றால் டவர்தான்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த லினக்ஸ் 6.10 பதிப்பில், கெர்னல் விழும்போது திரையில் ஒரு செய்தியைக் காட்டும் வசதி சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.12இல் அந்தத் திரையிலேயே லாகை கியூஆர் சதுரமாக வரைந்து காட்டும் வசதியும் வந்தது. வரையும் நிரல் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. தேக்கா சந்தையில் கீரைக்கட்டு வாங்கினாலும் கியூஆர், கெர்னல் செத்தாலும் கியூஆர். தம்பிகளுக்கு ஸ்கேன் செய்யச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்காது. எங்கள் பெட்டிகள் இன்னும் பழைய பதிப்பில் ஓடுகின்றன என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

சரி, சாட்சியம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி அடுக்குவது? இங்கே ஒரு சிங்கப்பூர்க் கதையைச் சொல்லியாக வேண்டும். கெர்னலுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனால் எங்கள் டேட்டாபேஸின் வடிவத்தை நான் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான்.

2016 ஆகஸ்ட் கடைசியில் வட்டப் பாதை எம்ஆர்டி ரயில்கள் காரணம் தெரியாமல் நிற்கத் தொடங்கின. ஓட்டுநர் இல்லாத ரயில்கள் அவை. சமிக்ஞை அறுந்தால் தானாகவே அவசர பிரேக் விழுந்துவிடும். எந்த ரயில் நிற்கும், எந்த இடத்தில் நிற்கும் என்பதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்து நவம்பர் தொடக்கத்தில் மறுபடி ஆரம்பித்தது. ரயிலை ஓட்டும் எஸ்எம்ஆர்டியும் நிலப் போக்குவரத்து ஆணையமும் தேடிப் பார்த்துவிட்டு, அரசாங்கத் தொழில்நுட்ப முகவையான கவ்டெக்கின் தரவு ஆய்வாளர்களிடமும் தகவலைக் கொடுத்தன. கொடுத்தது ஒரு சாதாரண அட்டவணை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், ரயிலின் எண், போன திசை. அவ்வளவுதான்.

அவர்கள் ஒவ்வொரு பத்தியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லா நேரத்திலும் நடந்திருந்தது, எல்லா இடத்திலும் நடந்திருந்தது, பல ரயில்களுக்கும் நடந்திருந்தது. பிறகு நேரத்தை ஓர் அச்சிலும் நிலையங்களை வரிசையாக இன்னோர் அச்சிலும் வைத்து வரைந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் கால அட்டவணை வரையப் பயன்பட்ட 'மாரே' வகைப் படம் அது. புள்ளிகள் சாய்வான கோடுகளாக வரிசை கட்டின. ஒரு ரயில் நின்றால், கொஞ்ச நேரத்தில் அதற்குப் பின்னால் வந்த ரயிலும் நின்றிருந்தது. அப்படியென்றால் தொல்லை கொடுப்பது ஓரிடத்தில் இல்லை, அது நகர்கிறது. நிற்கிற ரயில்களுக்கு எதிர்த்திசையில், இன்னொரு தண்டவாளத்தில், ஒரு ரயிலின் வேகத்தில். அந்தந்த நேரத்தில் எந்த ரயில் அங்கே கடந்து போனது என்று பதிவுகளைத் தோண்டினால் பிவி46 என்ற ரயில் அகப்பட்டது. நவம்பர் 6ஆம் தேதி அதை மட்டும் வைத்துச் சோதித்து உறுதி செய்தார்கள். அதன் சமிக்ஞைக் கருவியில் கோளாறு.

இதில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒரே விஷயம்தான். பிவி46க்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சம்பவப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. பட்டியல் முழுக்க விழுந்தவர்கள். தள்ளியவர் வெளியே.

கெர்னல் நினைவகச் சிதைவும் அச்சு அசல் இதுதான். கெர்னல் சின்னச் சின்ன நினைவகத் துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்து வைத்திருக்கும். 256 பைட் கேட்டவர்கள் எல்லாம் ஒரே பத்தையில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பார்கள். கோப்பு முறைமையின் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு மோடம் டிரைவரின் துண்டு இருக்கலாம். டிரைவர் தன் எல்லையைத் தாண்டி நாலு பைட் எழுதிவிட்டுப் போய்விடும். அதற்கு ஒன்றும் ஆகாது. ஐந்து நிமிடம் கழித்துக் கோப்பு முறைமை தன் துண்டைத் திறந்து பார்த்துவிட்டு ஊப்ஸ் என்று விழும். அறிக்கையில் கோப்பு முறைமையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஜிராவில் "பிரிவு: கோப்பு முறைமை" என்று போட்டு, அதைப் பார்த்துக்கொள்கிற அப்பாவி ஒருவரின் தலையில் கட்டுவோம். அவர் ஒரு வாரம் தேடுவார். "எனக்கு வரவில்லை" என்று மூடுவார். மறுவாரம் அதே தவறு டைமரில் வேறு முகத்தோடு வரும். வேறு ஆள், வேறு டிக்கெட்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட முதல் விதி இது. பதிகிற நேரத்தில் யாரும் எதையும் வகைப்படுத்தக் கூடாது. வகை என்பது தீர்ப்பு. தீர்ப்பு பிறகு வரட்டும், மாறவும் மாறட்டும். உள்ளே வருவது சாட்சியம் மட்டும். லாக் முழுசாக, ஓர் எழுத்தும் மாற்றாமல். கெர்னல் எந்த கமிட்டிலிருந்து எந்தக் கம்பைலரால் கட்டப்பட்டது என்பது. கான்ஃபிக் கோப்பு முழுவதும், ஏனென்றால் இன்றைய கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கான்ஃபிக் தேர்வுகள் இருக்கின்றன, ஒரே பதிப்பு எண் உள்ள இரண்டு கெர்னல்கள் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கலாம். கான்ஃபிக்கை இயங்கும் கெர்னலுக்குள்ளேயே புதைத்து வைக்கும் வசதி இருக்கிறது. எங்கள் எல்லா பில்டிலும் அதை இயக்கியே வைக்கிறோம். வன்பொருள் எது, எதைச் செருகியிருந்தார்கள், எவ்வளவு நேரமாக ஓடியது, டெயின்ட் எழுத்துகள் என்ன. வட்டப் பாதை அட்டவணையில் "சமிக்ஞைக் கோளாறு" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் பிவி46 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

கெர்னலுக்குத் தனி டேட்டாபேஸ் வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2002 நவம்பரில் ஓஎஸ்டிஎல் என்ற அமைப்பு (பிற்பாடு லினக்ஸ் ஃபவுண்டேஷனில் கரைந்துபோனது) கெர்னலுக்கென்று ஒரு பக்ஸில்லா தளத்தைத் திறந்தது. மோசில்லாக்காரர்கள் பிரவுசருக்காகச் செய்த மென்பொருள் பக்ஸில்லா. அடுத்த மாதமே, கெர்னலுக்கு இது பொருந்தாது, பதிப்பையும் கான்ஃபிக்கையும் மையமாக வைத்துத் தனியாக ஒன்று வேண்டும் என்று ஒரு டெவலப்பர் வாதாடி, தானே எழுதவும் முன்வந்தார். அந்தத் தனி டேட்டாபேஸ் நிலைக்கவில்லை. பக்ஸில்லா இன்றும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று கெர்னலின் சொந்த ஆவணமே சொல்கிறது. அவர்களுக்கு மின்னஞ்சல்தான் வீடு. மூலக்கோப்புகளோடு இருக்கும் மெயின்டெய்னர்ஸ் பட்டியலைப் பார்த்து, உரியவருக்கு எழுத வேண்டும்.

மனிதர்கள் கையால் பட்டியல் வைத்துப் பார்த்ததும் உண்டு. போன பதிப்பில் ஓடியது இந்தப் பதிப்பில் ஓடவில்லை என்றால் அதற்கு ரிக்ரெஷன் என்று பெயர். கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அது ஆகவே ஆகாது. அட்ரியன் பங்க் என்பவர் பதிப்புக்குப் பதிப்பு அந்த ரிக்ரெஷன்களைத் தொகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் இருந்தவை சரியாகாமலே 2007இல் 2.6.21 வெளியானதும் கசந்துபோய் விட்டுவிட்டார். பிறகு ரஃபாவ் விசோட்ஸ்கி சில ஆண்டுகள் சுமந்தார். அதற்கும் பிறகு ஜெர்மனியின் தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் கையில் எடுத்தார். கையால் முடியாது என்று கண்டு, 2021இல் ரெக்ஸ்பாட் என்ற தானியங்கி நிரலை எழுதினார். அது அஞ்சல்களைப் படிக்கும். ரிப்போர்ட்டைச் சுட்டும் இணைப்போடு ஒரு திருத்தம் உள்ளே வந்தால் தானாகவே கணக்கை முடிக்கும். யாரும் புதிய தளத்துக்கு வரவேண்டாம், வழக்கமாக எழுதும் அஞ்சலே போதும் என்ற அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பக் டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் செத்துப்போவது மென்பொருள் மோசம் என்பதால் அல்ல, தினமும் கூட்டிப் பெருக்க ஆள் இல்லாததால்தான்.

நான் அதிகம் திருடியது சிஸ்பாட்டிடமிருந்து. கூகுளில் டிமித்ரி வியூகோவ் தொடங்கிய சிஸ்காலர் என்ற கருவி, கெர்னலுக்குச் சரமாரியாகத் தாறுமாறான அழைப்புகளைக் கொடுத்து விழவைக்கப் பார்க்கும். விழுந்ததை 2017 முதல் சிஸ்பாட் தானாகவே அறிவிக்கிறது. ஒவ்வொரு அறிவிப்போடும் லாக், கான்ஃபிக், முடிந்தால் திரும்ப விழவைக்கும் ஒரு சின்ன சி நிரல். பொறுப்பாளர் யார், அவசரம் எவ்வளவு என்றெல்லாம் ரிப்போர்ட் செய்பவனைக் கேட்டுக் குடைவதில்லை. சாட்சியம், சாட்சியம், சாட்சியம்.

அடுத்த தலைவலி, இரண்டு ரிப்போர்ட் ஒன்றா வேறா என்று கண்டுபிடிப்பது. எழுத்தில் வரும் ரிப்போர்ட்டுகளுக்கு இந்த ஊரிலேயே நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010, 2011இல், ஃபயர்ஃபாக்ஸ், எக்லிப்ஸ், ஓபன் ஆபீஸ் ஆகியவற்றின் ரிப்போர்ட்டுகளில் இரட்டைகளைக் கண்டுபிடிக்கும் வழிகளை வெளியிட்டன. எங்களுக்கு வருவது "அண்ணே ஹேங்" என்ற இரண்டே சொற்கள் என்பதால் எழுத்தை வைத்து ஒன்றும் தேறாது. அழைப்புத் தடத்தைத்தான் கைரேகையாக்க வேண்டும்.

பார்க்க எளிதாகத் தெரியும். இறங்கினால்தான் சேறு. பாதுகாப்புக்காகக் கெர்னல் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தன் முகவரியைக் குலுக்கிப் போடுகிறது, ஆக முகவரிகளைத் தூக்கி எறி. ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்கள் பில்டுக்குப் பில்டு மாறும், அதையும் எறி. கேள்விக்குறி போட்ட வரிகள் அடுக்கில் கிடந்த பழைய குப்பையாக இருக்கலாம், எறி. கம்பைலர் தன் வசதிக்காக ஃபங்ஷனை வெட்டி 'ஐஎஸ்ஆர்ஏ', 'கான்ஸ்ட்ப்ராப்', 'கோல்ட்' என்று வால் ஒட்டியிருக்கும், வாலை நறுக்கு. உச்சியில் இருக்கும் பேனிக், வார்ன், டம்ப் ஸ்டாக் போன்றவை எல்லா விபத்திலும் வரும் ஆம்புலன்ஸ்கள். அவற்றை வைத்து விபத்தை அடையாளம் காண முடியாது. மிஞ்சும் முதல் சில பெயர்களைச் சேர்த்து ஒரு ஹாஷ். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். மூல லாகைத் தொடாமல் வைத்திருப்பதன் லாபம் இங்கேதான் தெரியும்: விதி மாறினால் எல்லாப் பழைய லாகுகளையும் மறுபடி ஓட்டிக் கைரேகையைப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

லாகிலேயே சில தடயங்கள் கூவிக்கொண்டிருக்கும், அவற்றை டேட்டாபேஸ் தானே பார்த்துக் குறிக்கிறது. சோதனை முறையில் ஓடும்போது, விடுவிக்கப்பட்ட நினைவகத்தைக் கெர்னல் 6பி என்ற எண்ணால் நிரப்பி வைக்கும். ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி என்று வரிசையாக வந்தால், காலி செய்த வீட்டுக்குள் யாரோ திரும்ப நுழைந்திருக்கிறார்கள். இருக்க வேண்டிய முகவரிக்கும் வந்த முகவரிக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம் என்றால் நிரலைத் தேடாதே, ராமை மாற்று.

இனி "திறந்தது, மூடியது". பொதுவான பக் மென்பொருள்கள் கெர்னலிடம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பக் மூடியதா என்று கேட்டால், எங்கே என்று திருப்பிக் கேட்க வேண்டும். லினஸின் மூல மரத்தில் சரியாகியிருக்கும். 6.6 நீண்டகாலக் கிளையில் சேர்ந்திருக்கும். 5.10இல் இன்னும் சேர்ந்திருக்காது. சிப் நிறுவனத்தின் மரத்தில் யாருக்குத் தெரியும்? நாங்கள் மாட்டிய பெட்டியில் ஓடுவது அதற்கும் முந்தையதாக இருக்கும். இது ஒரு கட்டத்தில் அடங்கும் விஷயம் இல்லை, ஓர் உறவு. எந்த கமிட்டில் நுழைந்தது, எந்த கமிட்டில் போனது, எந்தக் கிளையில். அதனால் எங்களிடம் நிலை என்ற பத்தியே கிடையாது. கிளைக்கு ஒரு வரி, கேட்கிற நேரத்தில் கணக்குப் போட்டுச் சொல்லும்.

கணக்குக்கும் கெர்னல்காரர்கள் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். திருத்தம் எழுதுபவர் 'ஃபிக்ஸஸ்' என்ற வரியில், பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் ஹாஷிலிருந்து 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் எழுதுவது வழக்கம். பழைய கிளைக்குத் திருத்தம் போகும்போது ஹாஷ் மாறிவிடும், ஆனால் மூல ஹாஷ் செய்தியில் குறிப்பிடப்படும். தலைப்பு பெரும்பாலும் மாறாது, சிஸ்பாட்கூட திருத்தத்தைத் தலைப்பை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. சிப் நிறுவனங்கள் ஹாஷைத் தொலைத்தாலும் தலைப்பை மாற்றும் அளவுக்கு மெனக்கெடுவதில்லை என்பதால் எங்களுக்கும் அதுவே கைகொடுக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகள் உள்ள மரத்தில் "இது அதற்கு மூதாதையா" என்று ஒவ்வொரு முறையும் கிட்டைக் கேட்டால் பொழுது விடிந்துவிடும். ஒவ்வொரு கமிட்டும் முதலில் எந்த வெளியீட்டில் வந்தது என்று ஒருதரம் கணக்கிட்டு போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதிவிட்டேன். பிறகு எல்லாம் எண்களை ஒப்பிடுவதுதான். 2024 பிப்ரவரியில் கெர்னல் குழு தானே பாதுகாப்பு ஓட்டைகளுக்கு சிவிஇ எண் கொடுக்கத் தொடங்கியது. அவர்கள் வெளியிடும் தரவும் இதே வடிவம்தான்: நுழைந்த இடம், சரியான இடம், கிளை வாரியாக. அதை அப்படியே எங்கள் அட்டவணைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பிரச்சினை, எல்லாரும் 'ஃபிக்ஸஸ்' எழுதுவதில்லை. சில திருத்தங்கள் "சும்மா சுத்தம் செய்தேன்" என்ற முகத்தோடு வரும். உள்ளே ஒரு கோரமான ஓட்டையை அடைத்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் இருக்கும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் வருகிறது. அங்கே டேவிட் லோவும் யுவான் டியானும், பிரான்ஸின் ஜூலியா லாவலோடு சேர்ந்து, லினக்ஸ் பேட்ச்களில் எவை பிழைதிருத்தும் பேட்ச்கள் என்று தானாகக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை 2012இல் வெளியிட்டார்கள். அதுவரை ஆராய்ச்சியாளர்கள் 'ஃபிக்ஸ்', 'பக்' என்ற சொற்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் செய்தியின் சொற்களோடு மாற்றத்தின் வடிவத்தையும் சேர்த்துக் கற்கவைத்தார்கள்: எத்தனை நிபந்தனைகள், எத்தனை வரிகள், எத்தனை கோப்புகள். சொல் தேடலைவிடக் கிடைத்த திருத்தங்கள் பாதிக்கும் மேல் அதிகம். பின்னர் பேட்ச்நெட் என்ற பெயரில் நியூரல் வலைப்பின்னலை வைத்து, 82,403 பேட்ச்களில் சோதித்து, எதை நிலையான கிளைக்கு அனுப்பலாம் என்று சொல்லும் வேலைக்கு வளர்த்தார்கள். மின்தூக்கி அறையில் தொங்கும் ஒரு பெட்டிக்குத் திருத்தம் தேடுகிறவனுக்கு இதைவிட நெருக்கமான ஆராய்ச்சி உண்டா? நான் அந்த முறையின் எளிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் டிரைவர்களைத் தொடும் பேட்ச்களில், ஒரு சோதனை நிபந்தனையையோ ஒரு பூட்டையோ மட்டும் சேர்த்துவிட்டு அடக்கமாக உட்கார்ந்திருப்பவற்றை அது எடுத்துக் காட்டும். பெரும்பாலும் சும்மா, ஆனால் அவ்வப்போது தங்கம்.

டேட்டாபேஸ் கூலி கொடுத்தது மோடம் விவகாரத்தில். பல கட்டடங்களிலிருந்து விபத்துகள், எல்லாம் வேறு வேறு கைரேகை. கோப்பு முறைமை, டைமர், நெட்வொர்க் அடுக்கு. ஜிராவில் இருந்திருந்தால் தொடர்பில்லாத டிக்கெட்டுகளாகக் கிடந்திருக்கும். கைரேகையை மறந்துவிட்டு மற்ற பத்திகளை வைத்துக் குறுக்காக வெட்டிப் பார்த்தோம். கெட்டுப்போன துண்டுகள் எல்லாம் ஒரே அளவுப் பத்தையைச் சேர்ந்தவை. விழுந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே வகை யூஎஸ்பி மோடம். மோடம் டிரைவரின் பெயர் எந்தத் தடத்திலும் இல்லை. அதனால்தான் அதன்மேல் சந்தேகம் வந்தது.

பிடிப்பதற்கு கேஃபென்ஸ் உதவியது. காசான் என்ற கருவி இன்னும் கூர்மையானதுதான், ஆனால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தின்னும், வேகத்தையும் தின்னும். எங்கள் பெட்டி தாங்காது. 2021இல் 5.12 பதிப்போடு வந்த கேஃபென்ஸ், அவ்வப்போது ஒரு துண்டை மட்டும் எடுத்துத் தொடக்கூடாத வேலிப் பக்கங்களுக்கு நடுவே வைக்கும். எல்லை தாண்டிய எழுத்து வேலியைத் தொட்டால் தொட்ட நொடியிலேயே, தாண்டியவனின் தடத்தோடு அறிக்கை வரும். ஒரு பெட்டியில் அது அகப்படக் காத்திருந்தால் மாதக்கணக்காகலாம், எல்லாப் பெட்டியிலும் இயக்கி வைத்தால் எங்காவது ஒன்று மாட்டும். மாட்டியது. திருத்தம் ஒரே வரி.

கடைசியாக ஒரு சிக்கல். லாகில் ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது என்று மேலே வீராப்பாகச் சொன்னேன். கெர்னல் லாகில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி, டிஸ்க்கின் சீரியல் எண், கணினியின் பெயர். யாராவது சார்ஜ் போடக் கைபேசியைச் செருகியிருந்தால் அதன் சீரியல் எண்ணும். ரெஜிஸ்டர்களில் அந்த நொடியில் கெர்னல் கையில் இருந்த யாருடைய தரவின் துணுக்கும் இருக்கலாம். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உள்ள ஊர் இது. வாடிக்கையாளரின் கட்டடத்திலிருந்து வந்த லாகை அப்படியே அஞ்சல் பட்டியலில் போட்டால், நாளைக்கு வக்கீல் கடிதத்துக்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டிவரும். இப்போதைக்கு இரண்டு பிரதி. மூலம் பூட்டிய அட்டவணையில், பார்க்க இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி, ஒரு காலக்கெடுவுக்குப் பின் அழிந்துவிடும். வெளியே போகும் பிரதியில் மேக் முகவரிகளும் சீரியல் எண்களும் பொய்ப்பெயர்களாக மாறும், ஆனால் ஒரே பெட்டிக்கு எப்போதும் ஒரே பொய்ப்பெயர். இல்லாவிட்டால் குறுக்காக வெட்டிப் பார்க்கும் வேலையே கெட்டுவிடும். ரெஜிஸ்டர் மதிப்புகளை வெளிப்பிரதியில் விடுவதா எடுப்பதா என்று ஆபீஸில் இன்னும் சண்டை ஓடுகிறது. எடுத்துவிட்டால் 6பி தடயமும் கூடவே போகும். நான் விடவேண்டும் என்கிற கட்சி.